இட்லி என்று நம்பிக் கடித்தால்: வீட்டாரை ஏமாற்ற ஓர் இரவுச் சாப்பாடு

எங்கள் வீட்டில் இரவு இட்லி என்றால் யாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதில்லை. பெரியப்பாவின் கண் தொலைக்காட்சிச் செய்தியில் இருக்கும். கை தானாக இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகும். ஐம்பது அறுபது வருடமாகப் பழகிய அந்தக் கையை நம்பித்தான், பார்வைக்கு ஒன்றும் ருசிக்கு வேறொன்றுமான பண்டங்களைப் பரிமாறும் இந்த விளையாட்டு நடக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் இது எளிதில் பலிப்பதற்குக் காரணமும் அதுதான். இன்ன நேரத்துக்கு இன்ன பலகாரம், இலையில் இன்ன இடத்தில் இன்ன பதார்த்தம் என்று எல்லாம் ஊறிப்போயிருக்கிறது.

நம் ஊருக்கு இந்தக் குறும்பு புதிதும் இல்லை. கல்யாண நலங்கில் மாப்பிள்ளை தலையைச் சுற்றிப் பெண் அப்பளம் உடைப்பதும், சுற்றி நிற்கிறவர்கள் கேலிப் பாட்டுப் பாடுவதும் எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? அதை அடுக்களைக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

ஒரு கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு, போண்டாவுக்குள் பஞ்சு, சட்னியில் பிடி மிளகாய் என்பதெல்லாம் என் கணக்கில் குறும்பே இல்லை. சோற்றை வீணாக்குவது, வயிற்றைக் கெடுப்பது, பசித்து உட்கார்ந்தவரை அழவைப்பது, மூன்றும் அதில் அடங்கிவிடுகிறது. ஏமாந்தவர் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கக்கூடிய பண்டங்களை மட்டுமே இங்கே எழுதுகிறேன். அளவெல்லாம் ஆறு பேருக்கு.

யாருக்கு, என்றைக்கு

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் இனிப்பு இட்லி அவர் தட்டுக்குப் போகவே கூடாது. அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கைகாரர்கள். முந்திரி, எள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திவசம், கிருத்திகை, விரத நாட்களை விட்டுவிடுங்கள். முதல் முறை வருகிற சம்பந்தியையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது முறை பார்த்துக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுகிறவரிடம் அசைவம் போலத் தோன்றும் எதையும் நீட்டாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு புரட்டாசி சனிக்கிழமை, தட்டைப்பயற்றில் செய்த சைவ மீன் குழம்பை அத்தை முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அத்தை மற்ற மாதங்களில் மீனை விரும்பிச் சாப்பிடுகிறவர்தான். ஆனால் அன்றைக்கு அந்தத் துண்டைப் பார்த்ததும் முகம் மாறி எழுந்துவிட்டார். பயறுதான் என்று பிட்டுக் காட்டினேன். நம்பினார். நம்பியும் சாப்பிடவில்லை. "மனசுக்குப் பிடிக்கவில்லை அம்மா, எனக்குத் தயிர்சாதம் போதும்" என்றார். அந்தக் குழம்பு பிரமாதமாக வந்திருந்தது என்பதுதான் கூடுதல் வருத்தம். செய்முறையைப் பின்னால் சொல்கிறேன். ஐப்பசி பிறந்த பிறகு செய்யுங்கள்.

இட்லி, சாம்பார், சட்னி: மூன்றும் இனிப்பு

விருந்தின் மையம் இதுதான். நேரமும் கவனமும் இதற்குத்தான் அதிகம் வேண்டும்.

பாசிப்பருப்புப் பாயசத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சாம்பாரேதான். அதைச் சாம்பாராக நடிக்க வைக்கக் கொஞ்சம் ஒப்பனை செய்தால் போதும். அரை கப் பாசிப்பருப்பை நிறம் மாறாமல் லேசாக வறுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். பருப்பு நன்றாக வெந்த பிறகுதான் வெல்லம். முன்னால் போட்டால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. முக்கால் கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். கருத்த வெல்லமாக இருந்தால் நிறம் இன்னும் பொருந்தும். பரங்கிக்காயைச் சாம்பாருக்கு நறுக்குவது போலத் தோலோடு சதுரமாக நறுக்கித் தனியே வேகவைத்து, வெல்லம் கொதிக்கும்போது சேருங்கள். இந்தப் பரங்கித் துண்டைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வராது. அது பாயசத்திலும் ருசியாகவே இருக்கும். பிறகு இரண்டாம் தேங்காய்ப்பால் ஒரு கப் ஊற்றி ஒரு கொதி. அடுப்பை அணைத்த பின் முதல் பால் அரை கப். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும்.

ஏலக்காய் போடாதீர்கள். கை தானாக ஏலக்காய் டப்பாவுக்குப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள். ஏலக்காய் வாசனை வந்த நொடியே கதை முடிந்தது. நெய்யும் வேண்டாம். கருப்பு எள் அரை ஸ்பூன் எடுத்து நல்லெண்ணெயில் பொரியவிட்டு மேலே ஊற்றினால் கடுகு தாளித்தது போல இருக்கும். பரிமாறும் முன் நான்கைந்து கறிவேப்பிலையை மிதக்கவிடுங்கள்.

இப்போது இட்லி. ஒன்றரை கப் ரவையை நிறம் மாறாமல் மூன்று நிமிடம் சூடுகாட்டி, ஆறியதும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். அப்படியே போட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாக ரவை இட்லி என்று காட்டிக்கொடுத்துவிடும். முக்கால் கப் பொடித்த சர்க்கரை, முக்கால் கப் புளிக்காத கெட்டித்தயிர், ஒரு கப் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கலந்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். ரவை உப்பிக் கெட்டிப்பட்டிருக்கும். இட்லி மாவுப் பதம் வரும்வரை பால் விட்டுத் தளர்த்துங்கள். ஊற்றப்போகும்போது அரை ஸ்பூன் சமையல் சோடா. அதற்கு மேல் போனால் இட்லி மஞ்சள் தட்டி, சோடா வாடையும் அடிக்கும். பன்னிரண்டு இட்லி வரும், ஆளுக்கு இரண்டு.

குழித்தட்டில் எண்ணெய் தடவி ஊற்றுவதைவிடத் துணி போட்டு ஊற்றுங்கள். எங்கள் பாட்டி இட்லியைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். துணியின் நெசவு, சின்னச் சின்னக் கட்டமாக, அதில் பதிந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் "கடையில் வாங்கினாயா" என்று கேட்பார். நான் முதல் தடவை செய்தபோது பாட்டி அடிப்பக்கம் பார்த்தார், கட்டம் இருந்தது, திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் பிட்டார். இந்த ஒரு இடத்துக்காகவே துணி வேண்டும். சர்க்கரை மாவு துணியில் ஒட்டும் என்பதால், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு விரியுங்கள். பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். அவசரப்பட்டால் தோல் துணியோடு போய்விடும்.

சட்னிக்கு அரை மூடித் தேங்காய்த்துருவல், ஆறு முந்திரி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் காய்ச்சிய பால். தேங்காயின் பழுப்புத் தோல் படாமல் துருவி, சட்னி போலவே கொரகொரப்பாக அரையுங்கள். மேலே அதே எள், அதே கறிவேப்பிலை.

மிளகாய்ப்பொடி இல்லாமல் எப்படி என்பவர்களுக்கு: நாட்டுச்சர்க்கரையோடு வறுத்துப் பொடித்த வெள்ளை எள்ளைக் கலந்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விடுங்கள். எங்கள் வீட்டில் சாம்பாரைவிட இதில்தான் அதிகம் பேர் விழுந்தார்கள். நல்லெண்ணெய் வாசனைக்கு மேல் யாரும் ஆராய்வதில்லை.

வாசனை என்றதும் முக்கியமான வேலை ஒன்று. எல்லோரும் உட்காரும் நேரத்தில் அடுக்களையில் ஒரு சின்ன வாணலியில் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கட்டிப் பெருங்காயம் போட்டு உண்மையாகவே தாளியுங்கள். கூடம் வரைக்கும் சாம்பார் வாசனை போகும். தட்டிலிருந்து வாசனை வரவில்லையே என்று எவர் மூக்கும் யோசிக்காது. அந்தத் தாளிப்பை வீணாக்க வேண்டாம், நிஜச் சாம்பாரில் கொட்டிக்கொள்ளுங்கள். ஆம், நிஜச் சாம்பாரும் நிஜ இட்லியும் உள்ளே தயாராக இருக்க வேண்டும். அரிசி இட்லி மாவு வீட்டில் இல்லாத நாளில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

அசோகா இல்லாத அசோகா

திருவையாற்று அசோகாவைப் பற்றி இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய், அந்தச் செக்கச்சிவந்த நிறம். கல்யாண இலையில் வலக்கைப் பக்கம், நமக்கு அருகில், அது விழுந்தால் சாம்பாருக்கு முன்பே விரல் அங்கே போய்விடும். இலையின் இலக்கணத்தையே நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை போட்டு, அசோகா இருக்கும் இடத்தில் பரங்கிக்காய்த் தொக்கை வையுங்கள். கண் இடத்தை நம்பிவிடும்.

அரை கிலோ பழுத்த பரங்கியைத் தோல் நீக்கி ஆவியில் வேகவைத்து மசியுங்கள். வாணலியில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவைப் பச்சை வாடை போக வறுத்து, மசித்ததைச் சேருங்கள். ஒரு ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் புளிக்கரைசல். சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் இருபது நிமிடத்தில் எண்ணெய் பிரிந்து, அல்வா போலச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். கடுகு, பெருங்காயம் எதுவும் வேண்டாம். மேலே நெய்யில் வறுத்த முந்திரி ஒன்று, ஒரு சொட்டு நெய்.

பரங்கிக்கு இயல்பிலேயே இனிப்பு உண்டு. அதனால் நாக்கில் பட்டதும் இனிக்கும். "ஆஹா" என்று வாயைத் திறக்கும்போதுதான் காரமும் புளிப்பும் வந்து சேரும். அந்த இரண்டு நொடி இடைவெளியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அதற்காகத்தான் இத்தனை கிளறல். மிச்சம் இருந்தால் மறுநாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

குலாப்ஜாமூன், தயிர்சாதம்

இவை சின்ன வேலைகள். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, உப்பும் மிளகுத்தூளும் மைதாவும் சேர்த்து, நெல்லிக்காய் அளவில் விரிசல் இல்லாமல் உருட்டிக் கரும்பழுப்பாகப் பொரியுங்கள். பருப்பு சேர்க்காமல் வைத்த மிளகு சீரக ரசத்தை மெல்லிய துணியில் வடிகட்டினால் தெளிந்த பாகு போல இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் உருண்டைகளைப் போட்டு ரசத்தை ஊற்றி, ஸ்பூனோடு கொடுங்கள். உடனே கொடுத்துவிட வேண்டும், ஊறினால் உதிரும்.

தயிர்சாதம் இதற்கு நேர் எதிர். பச்சரிசியைப் பாலில் குழைய வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்து ஆறவைத்து, மாதுளை முத்தும் பொரித்த கருப்பு எள்ளும் தூவினால் ஆயிற்று. ஆடிப்பெருக்கன்று கலந்த சாதங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் ஒரு சின்னத் தூக்கில் இதையும் எடுத்துப் போகலாம். புளிசாதத்துக்குப் பிறகு இதைக் கேட்டு வாங்கி ஏமாறுவார்கள்.

சைவ மீன் குழம்பு

ஒரு கப் தட்டைப்பயற்றைக் காலையிலேயே ஊறப்போட்டுவிடுங்கள், ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும். நான்கு காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஐந்து பல் பூண்டு, உப்பு சேர்த்து, தண்ணீர் கூடாமல் கெட்டியாக அரையுங்கள். வாழையிலையை அனலில் வாட்டி, எண்ணெய் தடவி, அரைத்ததை விரல் கனத்துக்கு நீள்வட்டமாகப் பரப்பி, இலையை மடித்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு இலையை உரித்தால், வாழையிலையின் நரம்புக் கோடுகள் நெருக்கமாக அதன் மேல் பதிந்திருக்கும். மீன் தோல் போலவே தெரியும். குறுக்கே துண்டு போட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டி, சின்ன வெங்காயமும் பூண்டும் மாங்காயும் போட்டுக் கொதித்து எண்ணெய் பிரிந்த புளிக்குழம்பில், அடுப்பை அணைக்கும் முன் போடுங்கள். கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள், நிஜ மீனுக்குச் செய்வது போல. அந்தப் பாவனையைப் பார்த்தே பாதி நம்பிவிடுவார்கள். மண்சட்டியில் வைத்தால் மீதியும்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் வாழைக்காயைச் சாய்வாக, கனமாக அரிந்து, மீன் வறுவல் மசாலா தடவிக் கல்லில் வறுத்துவிடலாம். ஆனால் அதில் ஏமாறுகிறவர் மிகவும் பசியோடு இருக்க வேண்டும்.

ஊற்றினால் விழாத காபி

கும்பகோணத்துக் காபி மேல் எல்லோருக்கும் இருக்கிற பக்தியைப் பார்த்தால் இதைச் செய்யக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். செய்துவிடுங்கள்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும் வேளைக்குக் கடற்பாசி காய்ச்சி வைப்பார்கள். அந்தப் பக்குவத்தைத்தான் காபிக்கு மாற்றுகிறோம். மளிகைக் கடையில் சைனாகிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். 10 கிராம் பொட்டலத்தில் பாதியை, அதாவது 5 கிராமை, நூறு மில்லி தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அதே தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியாமல் கரைய வேண்டும். இதற்குள் இன்னொரு அடுப்பில் 350 மில்லி பாலைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்திருங்கள். பால் சூடாகவே சேர வேண்டும், ஆறிய பால் பட்டால் பாசி திரிதிரியாக உறைந்துவிடும். கடைசியாக 60 மில்லி கெட்டி டிகாக்‌ஷன். எவர்சில்வர் டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். குளிர்பெட்டி தேவையில்லை, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதுமே இது உறையத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் கெட்டிப்படும்.

இதை ஜெலட்டினில் செய்யாதீர்கள். அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பது ஒன்று. சூடு பட்டால் உருகிவிடும் என்பது இன்னொன்று. கடற்பாசி ஒருமுறை உறைந்தால் கிட்டத்தட்டக் கொதிநிலைக்குப் பக்கத்தில் போனால்தான் மறுபடி இளகும். இந்தக் குணம் நமக்கு ஒரு வரப்பிரசாதம். கொடுப்பதற்கு முன் டம்ளர்களைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் நிறுத்தி, ஈரம் துடைத்து, டபராவில் வையுங்கள். தொட்டால் சுடும், உள்ளே உறைந்தது அப்படியே இருக்கும். கொஞ்சம் நிஜக் காபியை உயரத் தூக்கி ஆற்றி, எழும்பும் நுரையை மட்டும் ஸ்பூனால் அள்ளி மேலே பரப்புங்கள்.

எங்கள் பெரியப்பா டம்ளரை வாங்கி, வழக்கம் போல டபராவில் கவிழ்த்தார். நுரை மட்டும் விழுந்தது. இன்னும் கவிழ்த்தார். பிறகு முழுக்கத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டம்ளருக்குள் எட்டிப்பார்த்தார். "பாலில் என்ன போட்டுத் தொலைக்கிறான் இந்தப் பால்காரன்?" என்றார். பால்காரர் மேல் பழி விழுந்ததும் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஸ்பூன் கொடுத்தோம், தின்று முடித்தார். நான்கைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் டம்ளரோடு கொடுக்காமல், சிறு துண்டாக நறுக்கித் தட்டில் கொடுங்கள், தொண்டையில் சிக்காமல் இருக்கும்.

பரிமாறும் முறை

எட்டு மணிச் சாப்பாட்டுக்குக் காபியை ஐந்து மணிக்கே உறையவைத்துவிடுங்கள். ஆறு மணிக்குப் பாயசம். இட்லித் தட்டு ஏழே முக்காலுக்கு அடுப்பில் இருக்கட்டும், ஆவி பறக்க வந்தால்தான் நம்புவார்கள்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, அவ்வளவுதான். இனிப்பு இட்லியில் ஆரம்பித்தால் காபியில் முடியுங்கள். தொக்கு, குலாப்ஜாமூன் எல்லாம் வேறொரு நாளுக்கு. நடுவில் நிஜ இட்லியும் நிஜச் சாம்பாரும் எவ்வித முகபாவமும் இல்லாமல் வரட்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒருமுறை ஏமாந்தவர்கள் உண்மையான இட்லியை முகர்ந்து பார்ப்பார்கள், விரல் நுனியால் சாம்பாரைத் தொட்டு நக்குவார்கள், சித்தப்பா பையன் தண்ணீர்ச் சொம்பையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நீங்கள் எதுவுமே செய்யாமல் அரை மணி நேரச் சிரிப்பு கிடைக்கும். அவர்கள் மெல்ல நம்பிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு காபியைக் கொண்டுவாருங்கள்.

கூட்டாளி ஒருவர் போதும், அதுவும் சிரிப்பை அடக்கத் தெரிந்தவராக. பத்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் முன்கூட்டிச் சொன்னால் வாசலிலேயே விஷயம் வெளியாகிவிடும்.

கடைசியாக, மாலையிலேயே பில்டரில் இரண்டாவது டிகாக்‌ஷனும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பாலும் தனியே இருக்கட்டும். உறைந்த காபியைத் தின்ற கையோடு, "சரி, இப்போது நிஜக் காபி எங்கே?" என்று ஆறு பேரும் ஒரே குரலில் கேட்பார்கள். அப்போது பால் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.